ஹீட்டர் ராடை வைத்தே வோல்டேஜ் கண்டுபிடிப்பது எப்படி?

"மல்டிமீட்டர் இருந்தா ரெண்டு நொடி வேலைதானே சார்?" என்று என் டியூஷன் பிள்ளைகள் கேட்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் மின்னோட்டத்தின் வெப்ப விளைவு மண்டையில் ஏற, வெந்நீர் போடும் ராடைவிட நல்ல கருவி கிடையாது.

ராடின் தலையில் 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்டிருக்கும். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்: அந்த 1000-ஐ அப்படியே திறன் என்று எடுத்துக்கொள்வார்கள். 230 வோல்ட் முழுசாக வந்தால்தான் 1000 வாட். வோல்டேஜ் இறங்கினால் வாட்டும் இறங்கும். மாறாமல் நிற்பது மின்தடை. உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி, சூட்டில் அதன் தடை பெரிதாக ஏறாது. (குண்டு பல்பில் இந்தக் கணக்கு பலிக்காது. எரியும்போது டங்ஸ்டன் இழையின் தடை பத்து மடங்குக்கு மேல் போய்விடும்.) ஆக, தடை = வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ வாட் = 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம்.

இனி தண்ணீர். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர், அதாவது 10 கிலோ. லேப் தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும். ராடைக் குறியிட்ட கோடு வரை முக்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, தெர்மாமீட்டரும் விடக் கூடாது. பிடுங்கியதும் நன்றாகக் கலக்கிவிட்டு அளவு பாருங்கள்.

தெருவே மோட்டார் போட்டிருந்த ஒரு சாயங்காலம் நான் எடுத்த அளவு: 28 டிகிரியிலிருந்து 48-க்கு வர 18 நிமிடம் 20 நொடி, அதாவது 1100 நொடி.

ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற சுமார் 4200 ஜூல் வெப்பம் வேண்டும். இங்கே 10 கிலோ, 20 டிகிரி:
வெப்பம் = 10 × 4200 × 20 = 8,40,000 ஜூல்.
திறன் = 8,40,000 ÷ 1100 = சுமார் 764 வாட்.

ஜூல் விதிப்படி திறன் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தது. திருப்பிப் போட்டால், 764 × 52.9 = 40,416. அதன் வர்க்கமூலம் 201 வோல்ட்.

வாளிக்கும் காற்றுக்கும் போன சூட்டை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் உண்மையான வோல்டேஜ் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். வர்க்கமூலம் எடுப்பதில் ஒரு சௌகரியம்: வெப்பத்தில் 4 சதவீதம் பிசகினாலும் வோல்டேஜில் 2 சதவீதம்தான் பிசகும்.

230 முழுசாக வந்திருந்தால் இதே வாளிக்கு 14 நிமிடம் போதும். வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கே நாலு நிமிடத்துக்கு மேல் கூடுதல் காத்திருப்பு.