இரயில்வே சின்னமும் உங்கள் படமும்: வணிகச் சின்னக் கடிதம் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் இரயில்வே தன்னுடைய 'பிக் பாய்' 4014 நீராவி எஞ்சினை 2019 மே மாதத்தில் மீண்டும் ஓடவிட்டபோது, அது கடந்துபோன ஊர்களில் எல்லாம் லெவல் கிராசிங்குகளின் ஓரத்தில் கேமராவோடு மக்கள் காத்துநின்றார்கள். அப்படி எடுத்த படங்களை நாட்காட்டியாக அச்சிட்டு விற்கலாமா, பழைய சதர்ன் பசிபிக் எழுத்துகளை ஒட்டிய சரக்குப் பெட்டி மாதிரிகளைச் செய்து விற்கலாமா என்ற கேள்விகள் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு விரைவில் எழுகின்றன. சிலர் கேட்காமலேயே விற்றுவிட்டு, இரயில்வேயின் வழக்கறிஞர் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் கேட்கப்படாத அனுமதிக்கும் பணம் கட்டுகிறார்கள். இரண்டுமே தேவையற்றவை என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியவை. உங்கள் பொருளில் பெரிய முதலீடு இருந்தால் வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள்.

முதல் படி: உரிமைகளைப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் எடுத்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது; எஞ்சின் யாருடையது என்பதால் அது மாறாது. இரயில்வே நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து எடுத்திருந்தால் அது அத்துமீறல் என்ற தனிக் குற்றம். அதை வணிகச் சின்னத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வணிகச் சின்னச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது, யார் இதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதில் வாங்குபவர் ஏமாறக்கூடுமா? ஒரு பெயரோ நிறமோ கேடயமோ ஒரு நிறுவனத்தின் சின்னமாக இருப்பதனால், அது தென்படும் ஒவ்வொரு படமும் அந்த நிறுவனத்தின் சொத்தாகிவிடுவதில்லை.

இரண்டாம் படி: யூனியன் பசிபிக் வழக்குகளை அறிந்துகொள்ளுங்கள்

பல பத்தாண்டுகளாக மாதிரி இரயில்களை இரயில்வேக்கள் இலவச விளம்பரமாகவே கருதிவந்தன. 1948இல் லயனல் நிறுவனம் தன்னுடைய எஃப்3 டீசல் எஞ்சின் மாதிரியை வெளியிட்டபோது, அதன் அச்சுக் கருவிகளுக்கான செலவில் சான்டா ஃபே, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய இரயில்வேக்களும் ஜெனரல் மோட்டார்ஸும் பங்கேற்றன. அதாவது, தங்கள் நிறங்களைப் பொம்மையில் பூசுவதற்கு இரயில்வேக்களே பணம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

2000களின் தொடக்கத்தில் யூனியன் பசிபிக் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. தன் பெயரையும் கேடய வடிவச் சின்னத்தையும் மட்டுமல்லாமல், தான் விழுங்கிய மிசூரி பசிபிக், வெஸ்டர்ன் பசிபிக், கேட்டி, சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன், சதர்ன் பசிபிக் போன்ற மறைந்த இரயில்வேக்களின் சின்னங்களையும் பயன்படுத்த உரிமம் எடுக்கவேண்டும், உரிமத்தொகை கட்டவேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டது. 2004இல் ஏதெர்ன், லயனல் ஆகிய இரு நிறுவனங்கள்மீது நெப்ராஸ்கா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஏதெர்ன் உரிமம் எடுத்து ஒதுங்கியது. லயனல் 2006இல் சமரசம் செய்துகொண்டது. எம்டிஎச் என்ற இன்னொரு மாதிரி இரயில் நிறுவனம் மட்டும் விடாமல் எதிர்த்து நின்றது. 2006 நவம்பரில் அதனோடு இருந்த வழக்கும் சமரசமாக முடிந்தபோது, மாதிரி இரயில்களுக்கு உரிமத்தொகை இல்லாத, காலவரையற்ற உரிமம் என்ற ஏற்பாட்டுக்கு யூனியன் பசிபிக் இணங்கியது.

இதில் தொடக்கநிலையினர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. எல்லாம் சமரசத்தில் முடிந்ததால், 'மாதிரி இரயிலில் நிஜ இரயில்வேயின் சின்னத்தைப் போடுவது மீறலா' என்பதற்கு அந்த வழக்குகளில் இறுதித் தீர்ப்பே கிடையாது. எனவே "யூனியன் பசிபிக் வென்றது" என்று யாராவது சொன்னாலும் "தோற்றது" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். எம்டிஎச் எதிர்த்து நின்றதன் பலனை மற்றத் தயாரிப்பாளர்களும் அனுபவிக்கிறார்கள் என்பதை மட்டும் நன்றியோடு நினைவில் வைக்கலாம்.

மூன்றாம் படி: பதிவேட்டில் நீங்களே தேடுங்கள்

அமெரிக்கக் காப்புரிமை மற்றும் வணிகச் சின்ன அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ள தேடல் இலவசமானது. இரயில்வேயின் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டால் நீளமான பட்டியல் வரும். ஒவ்வொரு பதிவின் அருகிலும் அது உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்ற குறிப்பு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு பதிவைத் திறந்து, எந்தப் பொருள்களுக்காக அது பதிவுசெய்யப்பட்டது என்ற பத்தியை நிதானமாகப் படியுங்கள். 39ஆம் வகுப்பு போக்குவரத்துச் சேவை. 28ஆம் வகுப்பு பொம்மைகள். 16ஆம் வகுப்பு அச்சுப் பொருள்கள். 25ஆம் வகுப்பு உடைகள். 21ஆம் வகுப்பில் குவளைகள் வரும். ஒரு சின்னம் 39ஆம் வகுப்பில் மட்டும் பதிவாகி, உங்கள் பொருள் நாட்காட்டியாக இருந்தால், கடிதம் எழுதியவரின் பிடி சற்றுத் தளர்கிறது. முழுவதும் விட்டுப்போவதில்லை, ஏனெனில் குழப்பம் வகுப்பு எல்லையைத் தாண்டியும் ஏற்படலாம்.

பதிவானது வெறும் எழுத்துகளா, வரைந்த சின்னமா, நிறத்தையும் சேர்த்துக் கோரியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் மேசையில் உள்ள 1:87 அளவு டீசல் எஞ்சினின் மூக்கில் இருக்கும் கேடயம் ஓர் அரிசிமணியைவிடச் சற்றே பெரியது. உருப்பெருக்கியில் பார்த்தால்தான் கோடுகள் தெரியும். ஆனாலும் வரைந்த சின்னமாகப் பதிவானது அந்தக் கேடயம்தான், பெட்டியின் மேலுள்ள 'யூனியன் பசிபிக்' என்ற எழுத்து வேறொரு பதிவு. கடிதம் எதைக் குறிப்பிடுகிறது என்று தெரியாமல் பதில் எழுத முடியாது.

நான்காம் படி: மறைந்த இரயில்வே என்றால் பயன்பாட்டைக் கேளுங்கள்

ஒரு சின்னம் தொடர்ந்து 3 ஆண்டுகள் வணிகத்தில் பயன்படுத்தப்படாவிட்டால், அது கைவிடப்பட்டதற்கான முதல்நிலைச் சான்றாக அமெரிக்கச் சட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சின்னத்தின் உரிமையாளர் அந்த அனுமானத்தை உடைக்கலாம். யூனியன் பசிபிக் 2005 முதல் சில புதிய எஞ்சின்களுக்கு மறைந்த இரயில்வேக்களின் நிறங்களைப் பூசி ஓடவிட்டது. மிசூரி பசிபிக் எஞ்சினின் எண் 1982, கேட்டிக்கு 1988, சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்னுக்கு 1995, சதர்ன் பசிபிக்குக்கு 1996. அவை அந்தந்த இரயில்வே வந்து சேர்ந்த ஆண்டுகள். முன்னோடிகளுக்குச் செலுத்தும் மரியாதை என்று நிறுவனம் கூறியது. சின்னங்களை உயிரோடு வைத்திருக்கும் ஏற்பாடும் கூட என்று ஆர்வலர்கள் பலர் கருதினார்கள். நோக்கம் எதுவாயினும், 'அந்த இரயில்வே செத்துவிட்டது, யாரும் கேட்கமாட்டார்கள்' என்ற எண்ணத்தில் மட்டும் பணத்தைப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: சின்னம் படத்துக்குள் இருக்கிறதா, பொருளின் நெற்றியில் இருக்கிறதா?

புகைப்படக்காரர்களுக்கு மிக முக்கியமான படி இதுவே. கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்டு ரோல் அருங்காட்சியகம், தன் கட்டடத்தின் வடிவத்தையே சின்னமாகப் பதிவுசெய்திருந்தது. சார்ல்ஸ் ஜென்டில் என்ற புகைப்படக்காரர் அந்தக் கட்டடத்தைப் படமெடுத்துச் சுவரொட்டியாக விற்றபோது, அதற்குக் கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. 1998இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சுவரொட்டியில் அந்தக் கட்டடம் படத்தின் பொருளாகத்தான் நிற்கிறது, சரக்கின் மூலத்தைக் காட்டும் அடையாளமாக அல்ல என்பதே அதன் பார்வை. மஞ்சள் எஞ்சின் ஒன்று பள்ளத்தாக்கில் வளைந்து வரும் உங்கள் படத்துக்கு இதைவிட நெருக்கமான ஒப்புமை கிடைப்பது அரிது.

இரண்டாவது வழக்கு அலபாமா பல்கலைக்கழகத்துடையது. அதன் கால்பந்து வீரர்களைச் சீருடையோடு வரைந்துவந்த டேனியல் மூர்மீது பல்கலைக்கழகம் 2005இல் வழக்குத் தொடுத்தது. ஓவியம், அச்சுப்படி, நாட்காட்டி ஆகியவற்றில் சீருடை தோன்றுவது மீறல் ஆகாது என்று பதினொன்றாவது வட்டார நீதிமன்றம் 2012இல் கூறியது. குவளை போன்ற சாதாரணப் பொருள்களை மட்டும் அங்கேயே முடிக்காமல் மேல்விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. இந்தப் பிரிவை மனத்தில் வையுங்கள்: நாட்காட்டி வலுவான நிலம், குவளையும் தொப்பியும் சேற்று நிலம். இத்தீர்ப்புகள் மற்ற வட்டாரங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் பதில் கடிதத்தில் மேற்கோளாக நிற்கும்.

ஆறாம் படி: பொருளின் முகப்பை வடிவமையுங்கள்

பிறருடைய சின்னத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுவது எப்போது நியாயம் என்பதற்கு ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 1992இல் வகுத்த மூன்று கேள்விகள் இங்கே உதவும். பெயரைச் சொல்லாமல் பொருளை அடையாளம் காட்ட முடியுமா? தேவையான அளவுக்கு மேல் சின்னத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? நிறுவனத்தின் ஒப்புதல் இருப்பதுபோல் தோன்றும்படி ஏதாவது செய்திருக்கிறீர்களா? ஆகவே அட்டையில் 'யூனியன் பசிபிக் நாட்காட்டி' என்று கேடயத்தோடு அச்சிடாமல், 'வயோமிங் மலைகளில் இரயில்கள்' என்பதுபோல் உங்கள் தலைப்பைப் பெரிதாகவும், 'யூனியன் பசிபிக் எஞ்சின்களின் படங்கள்' என்பதைச் சாதாரண எழுத்தில் சிறிதாகவும் போடுங்கள். உங்கள் பெயர் முகப்பிலேயே இருக்கட்டும். பின்னட்டையில் 'இரயில்வே நிறுவனத்துடன் தொடர்போ ஒப்புதலோ இல்லை' என்ற வரி உதவும். முன்னட்டையில் கேடயத்தைப் போட்டுவிட்டுப் பின்னட்டையில் அந்த வரியை எழுதினால் உதவாது.

ஏழாம் படி: கடிதம் வந்துவிட்டால்

முதன்முறை இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்தபோது அன்றிரவே கோபத்தோடு நீண்ட பதில் எழுதினேன். எத்தனை பிரதிகள் விற்றேன், எப்போது தொடங்கினேன் என்பதை எல்லாம் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். அதை நீங்கள் செய்யாதீர்கள். கடிதம் கிடைத்த நாளையும் பதிலுக்கான கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் குறுகிய பதில் ஒன்றை அனுப்புங்கள்: எந்தப் பதிவு எண், எந்தப் பொருள், எந்தப் பக்கத்தில் எந்தப் பயன்பாடு என்று தெளிவாகக் குறிப்பிடும்படி கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சண்டைக்கு இழுக்கவும் வேண்டாம். பட்டியலிலிருந்து பொருளைத் தற்காலிகமாக நீக்கினால், அது ஒப்புதல் அல்ல என்று எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: உரிமம் எடுப்பதானால் வரிவரியாகப் படியுங்கள்

மாதிரிகள் தயாரிப்பவருக்கு உரிமம் சில வேளைகளில் நியாயமான வழியே. தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சின்னத்தின் செல்லுபடியை எந்நாளும் எதிர்க்கமாட்டேன் என்ற விதி இருக்கிறதா, குறைந்தபட்ச ஆண்டுத் தொகை உண்டா, உரிமம் முடிந்ததும் மீதச் சரக்கை விற்க எத்தனை மாதம் தருகிறார்கள், உங்கள் பழைய படங்களும் இதற்குள் இழுக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். மாதிரியை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் பெறவேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். தரத்தைக் கண்காணிக்காமல் உரிமம் கொடுத்தால் சின்னமே வலுவிழக்கும் என்பதால் அதை அவர்கள் விட்டுத்தருவது அரிது. அதனால் வண்ணப் படியை அனுப்பிய நாள், ஒப்புதல் வந்த மின்னஞ்சல், அதன்பின் அச்சான முதல் பிரதி ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.