மறந்துபோன கன்ட்ரி-பாப் கிராஸ்ஓவர் ஹிட்ஸ்: சொந்தமா ஒரு தொகுப்பு போடறது எப்படி

கென்னி ரோஜர்ஸ், டாலி பார்ட்டன், ஜான் டென்வர் இவங்க பாட்டெல்லாம் எந்தத் தொகுப்பைத் தொட்டாலும் வரும், அதுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்ல. நான் சொல்ல வர்றது அதே அமெரிக்க சார்ட்ல (வாராவாரம் வர்ற ஹிட் பாட்டு வரிசை) அவங்களுக்குப் பக்கத்துலயே நின்னுட்டு அப்புறம் அட்ரஸே இல்லாமப் போனவங்களைப் பத்தி. கன்ட்ரிக்கு ஒரு சார்ட், பாப்புக்கு ஒரு சார்ட், ரெண்டுலயும் ஏறினா அது கிராஸ்ஓவர். ஹென்சன் கார்கில்னு ஒருத்தர், 1968ல 'ஸ்கிப் எ ரோப்' கன்ட்ரில நம்பர் ஒன், பாப்ல 25. டெர்ரி கிப்ஸ், 1981, 'சம்படீஸ் நாக்கின்', பாப்ல 13. சில்வியா, 1982, 'நோபடி', கன்ட்ரில நம்பர் ஒன், பாப்ல 15. இன்னிக்கு இந்தப் பேரைச் சொன்னா கன்ட்ரி கேக்கறவங்களே "யாருப்பா அது"ன்னுதான் கேப்பாங்க. இப்படி ஒரு இருபது இருபத்தஞ்சு பாட்டை சரியான ரெக்கார்டிங்கோட ஒரு ஆல்பமா சேக்கணும். பாட்டு கண்டுபிடிக்கறது ஈஸி, சரியான ரெக்கார்டிங் பிடிக்கறதுதான் முக்கால்வாசி வேலை, அதனால அதைப் பத்திதான் நிறைய பேசப் போறேன்.

முதல்ல எல்லை போட்டுக்கங்க, இல்லன்னா லிஸ்ட் இருநூறு பாட்டுக்குப் போயிடும். என் கணக்கு 1957ல இருந்து 1983 வரைக்கும். 1957க்கு முன்னாடி கன்ட்ரி பாட்டு பாப் சார்ட்டுக்குப் போகணும்னா பெரும்பாலும் வேற ஒரு பாப் பாடகர் அதை எடுத்துப் பாடுவார், ஹேங்க் வில்லியம்ஸோட 'கோல்ட் கோல்ட் ஹார்ட்'டை 1951ல டோனி பென்னட் பாடி நம்பர் ஒன் ஆக்கின மாதிரி. 1957ல சோனி ஜேம்ஸ் 'யங் லவ்', ஃபெர்லின் ஹஸ்கி 'கான்' ரெண்டும் வந்தப்புறம் கன்ட்ரி ஆளோட அதே ரெக்கார்டே ரெண்டு பக்கமும் ஓட ஆரம்பிச்சுது. காரணமும் இருக்கு, ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையை அடிச்சதும் கன்ட்ரி இசைக்குத் தலைநகர் மாதிரியான நாஷ்வில்ல ஆர்சிஏ கம்பெனி பக்கம் செட் அட்கின்ஸும் டெக்கா கம்பெனி பக்கம் ஓவன் பிராட்லியும் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஓரங்கட்டிட்டு வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டு வந்தாங்க, அதுதான் நாஷ்வில் சவுண்ட். முடிவுக்கு 1983 ஏன்னா, 1980ல 'அர்பன் கவ்பாய்' படம் கிளப்பிவிட்ட கன்ட்ரி அலை கிட்டத்தட்ட அப்பத்தான் வடிய ஆரம்பிச்சுது. உங்களுக்கு வேற எல்லை பிடிச்சா வெச்சுக்கங்க, ஆனா ஏதாவது ஒண்ணு வேணும்.

ரெண்டாவது விதி, ஒரே ரெக்கார்டிங் ரெண்டு சார்ட்லயும் ஏறியிருக்கணும். "கேக்க கன்ட்ரி மாதிரி இருக்கு"ங்கறதெல்லாம் கணக்குல வராது. அப்ப பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானை சேக்கறதான்னு கேப்பீங்க. 1974ல கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அவங்களுக்கு சிறந்த பாடகி அவார்டு குடுத்ததும் நாஷ்வில்ல ஒரு கோஷ்டி கடுப்பாகி, ஜார்ஜ் ஜோன்ஸ் - டாமி வைனெட் வீட்டுல கூடி தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் அதே அவார்டு மேடையில சார்லி ரிச் கவரைப் பிரிச்சு, ஜெயிச்சவர்னு ஜான் டென்வர் பேர் இருந்த சீட்டை லைட்டரால கொளுத்தினார். வேடிக்கை என்னன்னா அதே சார்லி ரிச் 1973ல 'த மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள்' பாடி ரெண்டு சார்ட்லயும் நம்பர் ஒன் வந்தவர், கிராஸ்ஓவர்னா அவர்தான். அதனால யார் அசல் கன்ட்ரிங்கற பஞ்சாயத்துக்குள்ள நீங்க போகாதீங்க, சார்ட் சொன்னா உள்ள, இல்லன்னா வெளிய.

சார்ட் எங்க பாக்கறதுன்னா, பில்போர்டுங்கற அமெரிக்க இசைப் பத்திரிகையோட பழைய இதழ்கள் கூகுள் புக்ஸ்ல ஸ்கேன் பண்ணியே கிடைக்குது, இலவசம்தான். ஜோயல் விட்பர்ன் தொகுத்த சார்ட் புத்தகங்கள் கிடைச்சா இன்னும் வேகமா முடியும். அவங்க பாப் சார்ட்டான ஹாட் 100 ஆரம்பிச்சது 1958 ஆகஸ்ட்ல, அதுக்கு முன்னாடி பாப்புக்கே ஒண்ணுக்கு மேல சார்ட் இருந்துச்சு, அந்தக் காலத்து நம்பரை ரொம்ப நோண்டாதீங்க. ஒரு வாரத்தை எடுத்து கன்ட்ரி சார்ட்டையும் ஹாட் 100ஐயும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு, பாப்ல 11ல இருந்து 40க்குள்ள நிக்கற கன்ட்ரி பேரை மட்டும் குறிங்க. பழைய பாட்டு போடற ரேடியோக்காரங்க டாப் 10ஐயே திரும்பத் திரும்பப் போட்டாங்க, அதனால மறந்துபோனது பெரும்பாலும் இந்த நடுப்பகுதிலதான் கிடக்கும். பாபி பேர் 'டெட்ராய்ட் சிட்டி' 1963, பாப்ல 16. டாம் டி. ஹால் 'ஐ லவ்' 1974, பாப்ல 12. டான் வில்லியம்ஸ் 'ஐ பிலீவ் இன் யூ' 1980, பாப்ல 24. டெபோரா ஆலன் 'பேபி ஐ லைட்' 1983, பாப்ல 26.

டாப் 10லயும் மறந்துபோனது உண்டு. லிராய் வான் டைக் 1961ல பாடின 'வாக் ஆன் பை' கன்ட்ரில 19 வாரம் நம்பர் ஒன், பாப்ல 5, ஆனா 1964ல டியான் வார்விக் அதே தலைப்புல வேற ஒரு பாட்டு பாடினதும் இவர் பாட்டு அதுக்கு அடியில புதைஞ்சு போச்சு, இன்னிக்கும் தலைப்பை மட்டும் போட்டுத் தேடினா அந்தம்மாதான் வருவாங்க. 'யங் லவ்'லயும் இதே கதை, சோனி ஜேம்ஸ் பாடின அதே சமயத்துல டேப் ஹண்டரும் பாடி ரெண்டுமே பெரிய ஹிட். அதனால பாடகர் பேர், லேபிள் (ரெக்கார்ட் கம்பெனி), வருஷம் மூணையும் சேத்துத் தேடுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். அட்டையில "ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்"னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க. ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட் வேற, ஒரிஜினல் ரெக்கார்டிங் வேற. பெரிய லேபிளோட ஒப்பந்தம் முடிஞ்ச பாடகர்கள் நிறைய பேர் பிற்பாடு சின்ன கம்பெனிகளுக்காக தங்களோட பழைய ஹிட்டையே மறுபடி பாடிக் குடுத்தாங்க, அதுக்கு உரிமம் சல்லிசா கிடைக்கும்ங்கறதால மலிவு விலை தொகுப்புல முழுக்க அதுதான் இருக்கும், ஸ்ட்ரீமிங்ல தேடினாலும் பல சமயம் முதல்ல வந்து நிக்கறது அதுதான். கண்டுபிடிக்க வழி இருக்கு. வட்டத்துக்குள்ள பி போட்டு ஒரு வருஷம் இருக்கும் பாருங்க, அது அந்த ரெக்கார்டிங் முதல்ல வெளியான வருஷம், 1962 பாட்டுக்கு அங்க 1980ஸ் வருஷம் இருந்தா சந்தேகப்படுங்க (ஆனா ரீமாஸ்டர் பண்ணினவங்களும் சில நேரம் புது வருஷம் போடுவாங்க, அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண வேண்டாம்). அடுத்து நீளம், 45 தட்டோட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்ன ரெக்கார்ட், சிங்கிள்னும் சொல்வாங்க) நடுவுல ஒட்டின லேபிள் காகிதத்துல நிமிஷம் அச்சடிச்சிருக்கும், டிஸ்காக்ஸ் வெப்சைட்ல அந்த லேபிள் போட்டோ இருக்கும், ரெண்டு மூணு செகண்ட் வித்தியாசம் பரவால்ல, இருபது செகண்ட்னா அது வேற சரக்கு.

கடைசித் தீர்ப்பு காதுதான். 60ஸ் நாஷ்வில் ரெக்கார்டிங்ல டிரம்ஸ் ரொம்ப பின்னாடி, பல நேரம் பிரஷ்ல தடவற சத்தமாத்தான் கேக்கும், பாடகர் குரல் நட்ட நடுவுல, அதுக்குப் பின்னாடி அனிதா கெர் சிங்கர்ஸோ ஜோர்டனேர்ஸோ மாதிரி ஒரு கோரஸ் "ஊ"ன்னு மெதுவா மூச்சு விடும். மறுபதிவுல டிரம்ஸ் முன்னாடி வந்து பட்டு பட்டுன்னு அடிக்கும், வயலின் இருந்த இடத்துல சிந்தசைசர் இருக்கும், கோரஸ் மெலிஞ்சிருக்கும், குரலுக்கு வயசாயிட்டதால பாட்டையே அரைக்கட்டை இறக்கி வெச்சிருப்பாங்க. ஒருதடவை ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுட்டீங்கன்னா அப்புறம் பத்து செகண்ட்ல சொல்லிடுவீங்க.

ஒரிஜினல்லயே ரெண்டு வகை இருக்கறதும் உண்டு. ஜிம்மி டீன் 1961ல பாடின 'பிக் பேட் ஜான்' சுரங்கத்துல கூட வேலை பாத்தவங்களைக் காப்பாத்திட்டு உள்ளயே செத்துப்போன ஒருத்தனோட கதை, முதல்ல வந்த தட்டுல கடைசி வரியில அவனைப் பத்தி சொல்றப்ப 'ஹெல்'ங்கற வார்த்தை வரும், ரேடியோவுக்கு அது ஆகாதுன்னு 'பிக் பிக் மேன்'னு மாத்தி விட்டாங்க. எதைப் போடறதுங்கறது உங்க இஷ்டம், எதைப் போடறோம்னு தெரிஞ்சு போடுங்க, அவ்ளோதான். சி.டபிள்யூ. மெக்காலோட 'கான்வாய்' 1976 ஆரம்பத்துல ரெண்டு சார்ட்லயும் நம்பர் ஒன், ஆனா 1978ல அதே பேர்ல படம் வந்தப்ப வரிகளை மாத்தி மறுபடி பாடினார், அதுவும் நிறைய தொகுப்புல கலந்து கிடக்குது.

ஜிம் ரீவ்ஸை மறந்துபோனவர்னு நம்ம ஊர்ல சொன்னா அடிக்க வருவாங்க, இந்தியாவுலயும் இலங்கையிலயும் டிசம்பர் ஆனா அவர் குரல் கேக்காத கிறிஸ்தவ வீடு கம்மி. அவர் பாட்டு சேக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், 1964ல விமான விபத்துல அவர் போனப்புறம் வருஷக்கணக்கா அவர் குரலை மட்டும் வெச்சுக்கிட்டு புது இசை ஒட்டி வெளியிட்டாங்க. 1979ல மேல சொன்ன அதே டெபோரா ஆலனை செத்துப்போன மனுஷனோட டூயட்டே பாட வெச்சாங்க, அதுவும் ஹிட்! அதனால 'ஹி'ல் ஹேவ் டு கோ' வேணும்னா 1959 கடைசியில வந்த ஆர்சிஏ ரெக்கார்டிங்தானான்னு பாத்து எடுங்க.

ஆடியோ எங்கிருந்து எடுக்கறதுன்னு பாத்தா, கே-டெல் கம்பெனியோட எல்பி (நிறைய பாட்டு இருக்கற பெரிய ரெக்கார்ட்) வாங்கறவங்க நிறைய. கனடாவுல வின்னிபெக்ல இருந்து ஃபிலிப் கைவ்ஸ் 1966ல ஒரு கன்ட்ரி தொகுப்போட ரெக்கார்ட் விக்க ஆரம்பிச்ச கம்பெனி, டிவி விளம்பரம் போட்டே வித்தாங்க. அட்டையும் பாட்டு லிஸ்ட்டும் சூப்பரா இருக்கும், ஆனா எல்பியில ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிஷம் தாண்டினா சத்தம் குறையும், இவங்க மொத்தமா இருபது பாட்டுக்கு மேல அடைக்கணும்னு ஒரு சரணத்தை வெட்டுவாங்க, முடிவை சீக்கிரமே தேய விட்டுடுவாங்க. லிஸ்ட்டுக்கு மட்டும் அதைப் பாருங்க, ஆடியோவுக்கு வேண்டாம். 70ஸ் பாட்டுன்னா ரைனோ கம்பெனி 1990ல ஆரம்பிச்சு 25 வால்யூம் போட்ட 'ஹேவ் எ நைஸ் டே' சிடிகள்ல கொஞ்சம் கிடைக்கும். ஜெர்மனியில இருக்கற பேர் ஃபேமிலி (Bear Family) கம்பெனிதான் என் முதல் சாய்ஸ், எந்த டேப்ல இருந்து எடுத்தாங்க, எந்தத் தேதியில ரெக்கார்ட் ஆச்சுன்னு கூடவே குண்டா ஒரு புத்தகமும் வரும், விலையும் அதுக்குத் தக்கன இருக்கும்.

எதுலயும் கிடைக்கலன்னா 45 தட்டுதான். தட்டு விலை கம்மி, அமெரிக்காவுல இருந்து வர்ற தபால் செலவுதான் உயிரை வாங்கும், அதனால ஒரே ஆள்கிட்ட பத்து தட்டா சேத்து வாங்குங்க. தட்டு எவ்ளோ நல்லா இருக்குன்னு போடற கிரேடுல விஜி ப்ளஸ்க்கு கீழ போகாதீங்க, அதுவும் அந்தக் காலத்துல நிறைய 45 வினைல் கிடையாது, ஸ்டைரீன்ங்கற வேற பிளாஸ்டிக், தேஞ்ச ஊசியில நாலு தடவை ஓட்டியிருந்தாலே குரல் கரகரன்னு ஆயிடும், போட்டோல பளபளன்னு இருக்கறதை நம்ப முடியாது. நடு ஓட்டை பெருசா இருக்கும், அடாப்டர் வாங்கி வெச்சுக்கங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப 24 பிட், உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபல்ல நிக்கற மாதிரி வைங்க, கிளிக் சத்தத்தை கையால ஒவ்வொண்ணா எடுங்க, நாய்ஸ் ரிடக்ஷன்னு ஒரு பட்டனை அமுக்கினா வயலினோட காத்தும் சேந்து போயிடும். 1967 வரைக்கும் மோனோ சிங்கிள் மிக்ஸ், அதுக்கப்புறம் ஸ்டீரியோ, இது என் பழக்கம். பாட்டுக்குப் பாட்டு சத்தத்தை சமன் பண்ண ரீப்ளேகெய்ன்ங்கற வசதி போதும், பழைய பாட்டை புதுப் பாட்டு அளவுக்கு ஏத்தாதீங்க, புதுசை இறக்குங்க.

வரிசை போடறப்ப வருஷப்படி வேண்டவே வேண்டாம், பாடம் நடத்தற மாதிரி ஆயிடும். டிஜிட்டலாவே இருந்தாலும் ரெண்டு பக்கம்னு நினைச்சு பக்கத்துக்கு பதினொண்ணோ பன்னெண்டோ வைங்க. இந்த வகையில பேச்சா கதை சொல்ற பாட்டு நிறைய, 'பிக் பேட் ஜான்', 'கான்வாய்', ரெட் சோவைன் 1976ல அழ வெச்ச 'டெடி பேர்', இதுல ரெண்டை அடுத்தடுத்து வெச்சீங்கன்னா கேக்கறவங்க எழுந்து போயிடுவாங்க. நடுவுல ஃப்ளாய்ட் கிரேமரோட 'லாஸ்ட் டேட்' போடுங்க, 1960ல பாப்ல 2 வரைக்கும் வந்த வெறும் பியானோ, பக்கத்துக் கட்டையைத் தொட்டுட்டு சட்டுன்னு சரியான கட்டைக்கு வழுக்கி வர்ற அந்த விரல்தான் அவரோட அடையாளம், கதை கேட்ட காதுக்கு நல்ல ஓய்வு. ஆரம்பத்துக்கு பில்லி ஸ்வான் 'ஐ கேன் ஹெல்ப்', 1974, அந்த ஆர்கன் வந்தாலே ஆள் உக்காந்துடுவாங்க. தேஞ்சு முடியற பாட்டுக்கு அப்புறம் இடைவெளி ஒரு செகண்ட் போதும், டக்குன்னு நிக்கற பாட்டுக்கு ரெண்டு மூணு விடுங்க.

ஃபைலுக்கு டேக் (பாடகர், வருஷம் மாதிரி விவரம்) போடறப்ப சிங்கிள் வெளிவந்த வருஷத்தைப் போடுங்க, சிடி வந்த வருஷத்தை இல்ல. நெட் மில்லரோட 'ஃப்ரம் எ ஜாக் டு எ கிங்' மாதிரி குழப்பமும் வரும், 1957ல வந்து படுத்துருச்சு, மறுபடி விட்டு 1963ல பாப்ல 6 ஆச்சு, அதுக்கு நான் 1957னு போட்டு கமென்ட்ல 1963னு எழுதிடுவேன். லேபிள் பேரையும் போட்டு வைங்க. இது எல்லாம் வீட்டுல கேக்கறதுக்கு, வெளிய விக்கணும்னா ரெக்கார்டிங்குக்கு ஒரு உரிமம், பாட்டு எழுதினவருக்கு இன்னொரு உரிமம் தனித்தனியா வாங்கணும். பழைய லேபிள் பேரைப் பாத்து பயந்துடாதீங்க, ஆர்சிஏ, கொலம்பியா, மானுமென்ட் எல்லாம் இப்ப சோனிகிட்ட, டெக்காவும் மெர்குரியும் யுனிவர்சல்கிட்ட, ரெக்கார்டிங் உரிமத்துக்கு அங்க கேட்டா போதும்.