டெஸ்ட் விழுந்தால் உடனே கம்பைலரைத் திட்டாதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் நெல் கொள்முதல் கணக்கை இன்டெல் கணினியிலிருந்து ஆர்ம் சில்லில் ஓடும் ராஸ்பெரி பை குட்டிக் கணினிக்கு மாற்றுகிறீர்களா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கம்பைலரால் (நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள்) பில்ட் செய்ததும், அதன் டெஸ்டுகளை நடத்தும் 'மேக் செக்' கட்டளையை ஓட்டுங்கள். ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக ஓட்டினால் ஓடாது. எதிர்பார்த்த விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வேறுபாடுகள் 'ரெக்ரெஷன்.டிஃப்ஸ்' கோப்பில் பதிவாகும்.

வரிசை மட்டும் மாறியிருந்தால் லொகேல் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் மொழி அமைப்பு) கோளாறாக இருக்கலாம். 'நோ_லொகேல்=1' சேர்த்து ஓட்டினால் தெரிந்துவிடும். தசமத்தின் கடைசி இலக்கம் பிசகினால், பெருக்கலையும் கூட்டலையும் ஆர்மில் ஜிசிசி கம்பைலர் ஒரே கட்டளையாக்கியிருக்கலாம். 40 கிலோ சிப்பக் கணக்கை தசமத்தைத் துல்லியமாக வைக்கும் 'நியூமெரிக்' வகையில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நீங்களே சி மொழியில் எழுதிய ஃபங்ஷன் விழுந்தால் 'சார்' என்ற ஒரு பைட் வகையைப் பாருங்கள். இன்டெல் லினக்ஸில் அது குறியுள்ளது (எதிர்ம எண்ணையும் ஏற்கும்), ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. அதில் வைத்த -1 இங்கே 255 ஆகிவிடும். -1 தானா என்ற சோதனை ஒருநாளும் தேறாது.

இதெல்லாம் பார்த்தபிறகும் கம்பைலர்மேல் சந்தேகமா? நிரலை வேகப்படுத்தும் ஓ2 அமைப்பை, வேகப்படுத்தாத ஓ0 ஆக்கி பில்ட் செய்யுங்கள். பிழை மறைந்தால் அது மட்டும் சாட்சியாகாது. பெரும்பாலும் மதிப்பு வைக்காத மாறிதான் காரணம், நினைவகப் பிழை தேடும் கருவியான வால்கிரைண்ட் காட்டிவிடும். அதிலும் சிக்காவிட்டால் ஆப்ஜெக்ட் கோப்புகளில் (கம்பைலர் தரும் இயந்திர மொழித் துண்டுகள்) பாதியை ஓ0-விலும் மீதியை ஓ2-விலும் லிங்க் செய்து (ஒன்றாக இணைத்து), சந்தேகக் கோப்புகளைப் பாதி பாதியாகக் குறையுங்கள். அகப்பட்ட கோப்பைக் கிளாங் என்ற வேறொரு கம்பைலரிலும் ஒருமுறை ஓட்டிவிட்டுப் புகார் எழுதுங்கள்.