'முடியாது' என்ற பதிலை உந்துதலாக மாற்றும்போது செய்யும் தவறுகள்

முதலீடு கேட்டுப் போன இடத்தில் கைவிரித்துவிட்டார்கள் என்றால், சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்வது, "விடு, ஜெயித்துக் காட்டு!" கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொழில்முனைவோர் பலர் சறுக்குவதும் இங்கேதான். மறுப்பிலிருந்து கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

வீம்புக்குத் தொழில் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. மறுத்த முதலீட்டாளர் வாயடைத்துப் போக வேண்டும் என்று அவர் குறை சொன்ன இடத்திலெல்லாம் புதுப்புது வசதிகளைச் சேர்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கப் போகிறவர் அவர் இல்லை என்பதே மறந்துபோகும். கோபம் இரண்டு வாரம் தூங்கவிடாமல் வேலை செய்ய வைக்கும், சரி. மூன்றாவது மாதம் யாரைப் பார்த்துக் கோபப்படுவது?

அடுத்த தவறு, எல்லா மறுப்பையும் ஒரே கணக்கில் எழுதுவது. புதிய நிறுவனங்களில் பங்கு வாங்கிப் பணம் போடும் துணிகர முதலீட்டு நிறுவனங்களின் கணக்கே வேறு. அவர்கள் போடும் பணத்தில் பெரும்பகுதி தேறாது. ஒன்றிரண்டு நிறுவனங்கள் பல மடங்கு வளர்ந்துதான் மற்ற நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். அதனால் மாதாமாதம் ஒழுங்காக லாபம் தரும் நல்ல தொழிலைக்கூட 'எங்களுக்குச் சரிவராது' என்று அனுப்பிவிடுவார்கள். அது தொழில் மோசம் என்பதற்கான தீர்ப்பு ஆகாது. அவர்களும் தவறுவார்கள். பெஸ்ஸமர் என்ற பழைய முதலீட்டு நிறுவனம், தான் வேண்டாம் என்று விட்டுவிட்ட நிறுவனங்களைத் தன் தளத்திலேயே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. கூகுள், ஆப்பிள், பயணிகள் பிறர் வீடுகளில் வாடகைக்குத் தங்க உதவும் ஏர்பிஎன்பி எல்லாம் அதில் உண்டு.

அந்த ஏர்பிஎன்பியையே எடுத்துக்கொள்வோம். 2008இல் அதன் நிறுவனர்கள் 1,50,000 டாலர் திரட்டுவதற்காக 7 முதலீட்டாளர்களை அணுகினார்கள். 5 பேர் மறுத்தார்கள், 2 பேர் பதிலே போடவில்லை. அந்த மறுப்புக் கடிதங்களை நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015இல் வெளியிட்டார். சந்தை போதிய அளவு பெரிதாகத் தெரியவில்லை, நாங்கள் கவனம் செலுத்தும் துறை இதுவல்ல என்ற மாதிரியான காரணங்கள்தான் அவற்றில் இருக்கின்றன. வீடுகளில் தங்கப் போகிறவர் ஏன் தயங்குகிறார் என்று அவை ஒன்றும் சொல்லவில்லை. அது தெரிய, நிறுவனர்களே நியூயார்க்கில் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. தளத்தில் இருந்த வீடுகளின் புகைப்படங்கள் மோசமாக இருப்பதைப் பார்த்து, தாங்களே கேமராவோடு போய் எடுத்துக் கொடுத்தார்கள்.

வாடிக்கையாளர் சொல்லும் 'வேண்டாம்' வேறு ரகம். பத்து முதலீட்டாளர்கள் மறுத்ததைவிட, இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர் காசு என்றதும் காணாமல் போவது பெரிய செய்தி. அதை யாரும் கடிதத்தில் எழுதி அனுப்ப மாட்டார்கள் என்பதால் பலர் அதை மறுப்பாகவே எண்ணுவதில்லை.

நாசூக்கான மறுப்பை நம்பிக் காத்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது. "யோசனை அருமை. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் வாருங்கள்" என்று ஒரு மெயில் வரும். இதை வாக்குறுதியாக நினைத்து ஆறு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. அதற்கு இரண்டே வரியில் பதில் போடலாம்: "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. எந்த எண்ணிக்கை எந்த அளவைத் தொட்டால் மறுபடி பேசத் தயாராக இருப்பீர்கள்?" 'மாதம் 200 பேராவது பணம் கட்டிப் பயன்படுத்தட்டும்' என்று பதில் வந்தால் கதவு மூடவில்லை என்று அர்த்தம். 'பார்க்கலாம், தொடர்பில் இருங்கள்' என்று வந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம்.

இணையத்திலேயே படங்களும் போஸ்டர்களும் வடிவமைக்க உதவும் கேன்வாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மெலனி பெர்கின்ஸை 100க்கும் மேற்பட்ட முதலீட்டாளர்கள் மறுத்தார்கள். அவர் செய்தது எளிமையான வேலை. கடினமான கேள்வியோ மறுப்புக்கான காரணமோ வரும்போதெல்லாம், அதற்கான பதிலைத் தன் விளக்கக் கோப்பில் சேர்த்துத் திருத்தினார். இதில் கவனிக்க வேண்டியது, வடிவமைப்பை யாரும் செய்யும்படி எளிதாக்குவது என்ற அடிப்படை யோசனையை அவர் மாற்றவில்லை. சொல்லும் விதத்தைத்தான் மாற்றினார்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒருவர் விலை அதிகம் என்றதும் குறைப்பது, அடுத்தவர் இவ்வளவு மலிவாக இருந்தால் யார் நம்புவார்கள் என்றதும் ஏற்றுவது. ஒவ்வொரு மறுப்புக்கும் தொழிலைத் திருப்பினால் எங்கும் போய்ச் சேர முடியாது. ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று நான்கு பேர் ஒரே குறையைச் சொன்னால்தான் அதைத் தொட வேண்டும். அதற்கு ஒரு நோட்டு போதும். யார், என்றைக்கு, பேச்சு எந்த இடத்தில் சுவாரஸ்யம் இழந்தது, அவர் சொன்ன வார்த்தை அப்படியே. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அன்றைக்கே எழுதாவிட்டால், இரண்டு நாளில் நமக்குப் பிடித்த மாதிரி அதை மாற்றி நினைவில் வைத்திருப்போம்.

அப்புறம், விடாமுயற்சிக் கதைகள். தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்தார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் சோதித்து, முந்தையதில் என்ன போதவில்லை என்று பார்த்துத்தான் அடுத்ததைச் செய்தார் என்ற பாதியை மட்டும் விட்டுவிடுவார்கள். அதே அளவு உழைத்துத் தோற்றவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

மறுத்தவரைச் சமூக வலைதளத்தில் வறுத்தெடுப்பதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2009இல் ஃபேஸ்புக் வேலை தர மறுத்தபோது மென்பொருள் பொறியாளர் பிரையன் ஆக்டன், அடுத்த பயணத்தை எதிர்நோக்குவதாக ட்விட்டரில் மரியாதையாக எழுதிவிட்டு நகர்ந்தார். 2014இல் அவர் இணை நிறுவனராக இருந்த வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது அதே ஃபேஸ்புக்தான்.

கடைசியாக ஒன்று: நிறுத்தும் இடத்தை முடிவு செய்யாமலே ஓடுவது. கையிலிருந்து எவ்வளவு பணம் வரை போடலாம், எந்தத் தேதிக்குள் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதை மனம் நிதானமாக இருக்கும் நாளில் எழுதி, கூட்டாளியிடமோ வீட்டில் ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள். மறுப்பு வந்த அன்று மட்டும் அந்தத் தாளைத் திருத்தக் கேட்காதீர்கள். கேட்டாலும் அவர் தரக் கூடாது.