வேர்ட்பிரஸ் சைட்டை அப்டேட் பண்றது எப்படி? எதுக்கப்புறம் எது?

சைட் போட்டாச்சு, ஓடுது, இனிமே என்ன வேலைன்னு நிறைய பேர் அப்படியே விட்டுடறாங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. ஒரு ப்ளகின்ல (சைட்டுக்கு கூடுதல் வசதி சேர்க்கற சின்ன சாஃப்ட்வேர்) இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைச்சு புது வெர்ஷன் வந்துட்டாலே அது என்ன ஓட்டைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், பழைய வெர்ஷன்லயே இருக்கற சைட் எங்கன்னு ஹேக்கர்ங்க பாட் (தானா தேடற ப்ரோகிராம்) விட்டுத் தேடுவாங்க, சின்ன கடை சைட்தானேன்னு அது பார்க்காது.

1. முதல்ல பேக்கப்

வேர்ட்பிரஸ்ல ரெண்டு பாகம் இருக்கு. நீங்க எழுதினது, கமென்ட், செட்டிங்ஸ் எல்லாம் டேட்டாபேஸ்ல. படம், தீம் (சைட்டோட தோற்றத்தைத் தர்றது), ப்ளகின் எல்லாம் ஃபைலா இருக்கும். ஒண்ணை மட்டும் எடுத்தா பாதி சைட்தான் கைல இருக்கும். அப்டிராஃப்ட்பிளஸ் ப்ளகின் இலவச வெர்ஷனே ரெண்டையும் எடுத்து கூகுள் டிரைவ்ல போட்டுடும். அதே சர்வர்ல மட்டும் வச்சுக்காதீங்க, சர்வர் போனா பேக்கப்பும் சேர்ந்து போயிடும்.

2. ப்ளகின், ஒண்ணொண்ணா

எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரே அமுக்கா அமுக்கணும்னு கை பரபரக்கும், வேண்டாம். அப்படி பண்ணி சைட் உடைஞ்சா எதனால உடைஞ்சதுன்னே தெரியாது. ஒண்ணு பண்ணுங்க, இன்காக்னிட்டோ விண்டோல சைட்டைத் திறந்து பாருங்க, கான்டாக்ட் ஃபார்ம்ல ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பி மெயில் வருதான்னு பாருங்க, அப்புறம் அடுத்தது. பயன்படுத்தாத ப்ளகினை டீஆக்டிவேட் பண்ணா மட்டும் போதாது, டிலீட் பண்ணிடுங்க, ஏன்னா ஃபைல் சர்வர்லயேதான் கிடக்கும்.

3. தீம், அப்புறம் வேர்ட்பிரஸ்

தீம் ஃபைலுக்குள்ள யாராவது நேரடியா கோட் மாத்தியிருந்தா அப்டேட்ல அது அழிஞ்சிடும், முதல்ல அதை சைல்ட் தீமுக்கு (நம்ம மாத்தங்களை மட்டும் தனியா வச்சுக்கற துணைத் தீம்) மாத்துங்க. வேர்ட்பிரஸோட சின்ன அப்டேட் எல்லாம் 2013ல வந்த 3.7ல இருந்து தானாவே ஆயிடுது. பெரிய வெர்ஷனுக்கு நான் சில நாள் பொறுத்துதான் போவேன்.

4. வெள்ளை ஸ்க்ரீன் வந்தா

பதறாதீங்க. வேர்ட்பிரஸ் 5.2ல இருந்து ரெக்கவரி மோட் இருக்கு, அட்மின் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும், அது வழியா உள்ள போய் தகராறு பண்ற ப்ளகினை நிறுத்தலாம். மெயில் வரலைன்னா ஹோஸ்டிங் ஃபைல் மேனேஜர்ல போய் அந்த ப்ளகின் ஃபோல்டர் பேரை மாத்துங்க, தானா நின்னுடும்.

5. பிஎச்பி வெர்ஷன்

பிஎச்பிங்கறது வேர்ட்பிரஸ் ஓடறதுக்கு சர்வர்ல இருக்கற மொழி. உங்க சைட்ல எந்த வெர்ஷன்னு டூல்ஸ்ல சைட் ஹெல்த் போய் பாருங்க. 7.4க்கு சப்போர்ட் 2022 நவம்பர்லயே முடிஞ்சது, இன்னும் அதுல இருந்தா மாத்தியே ஆகணும். ஆனா மேல சொன்னதெல்லாம் முடிச்சுட்டு மாத்துங்க, பழைய ப்ளகின் புது பிஎச்பில அடிக்கடி படுத்துக்கும்.

6. டொமைன்

டொமைன்னா உங்க சைட்டோட முகவரிப் பேர். ஹோஸ்டிங்கை விட இதுதான் எனக்கு பயம். சைட் உடைஞ்சா பேக்கப் இருக்கு, டொமைனை வேற யாராவது எடுத்துட்டா திரும்ப வாங்கறது ரொம்ப கஷ்டம். ஆட்டோ ரினியூவல் ஆன் பண்ணுங்க, கார்டு எக்ஸ்பயரி தேதியைப் பாருங்க, ரிஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் வாங்கின கம்பெனி) இருக்கற மெயில் ஐடி நீங்க இப்பவும் திறந்து பாக்கறதுதானான்னு செக் பண்ணுங்க.