‘அந்த ஆளே நிஜமில்லை’ என்று தியரி கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

படம் முடிந்து விளக்கு எரிவதற்குள் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்: "அந்த நண்பன் பாத்திரம் நிஜமே கிடையாது, எல்லாம் ஹீரோவின் கற்பனை." எனக்கும் பிடித்த விளையாட்டுதான். பெயர் மாறிப்போவது, காட்சிகளின் வரிசை குழம்புவது போன்ற சின்னத் தவறுகளை இங்கே எடுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரே திருத்திவிடுவார். பழைய படங்களின் முடிவுகள் கீழே வருகின்றன, பார்க்காதவர்கள் கவனம்.

எதிர்ச்சாட்சியையும் கற்பனை என்று தள்ளுவது

இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு தொடர்கதையில் நாயகியின் தங்கை கற்பனை என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார்.

"நாயகி ஊரிலேயே இல்லாதபோது தங்கை கடைக்காரரிடம் பேசுகிறாளே?"

"அதுவும் நாயகியின் கற்பனை."

"அப்போ கடைக்காரர்?"

"அவரும்தான்."

"அம்மா?"

கொஞ்சம் யோசித்தார். "அம்மா மட்டும் நிஜம்." அம்மாவுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை என்று அவருக்கே தெரியவில்லை.

எதைக் காட்டினாலும் அசையாத தியரி பலமானது என்று புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். அது கதையைப் பற்றி எதையுமே சொல்லவில்லை என்பதுதான் நிஜம். எந்தக் காட்சி இருந்தால் என் தியரி விழும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ கதையில் பேய்கள் நிஜமா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையின் மனப்பிரமையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பிரமைதான் என்று அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். மறுத்தவர்கள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தான் கண்ட உருவத்தின் சிவந்த சுருள்முடியையும் வெளிறிய நீள முகத்தையும் ஆசிரியை வர்ணிக்கிறாள். உடனே வீட்டு நிர்வாகி மிஸஸ் குரோஸ், அங்கே வேலை பார்த்து இறந்துபோன பீட்டர் க்வின்ட் அது என்று அடையாளம் சொல்கிறாள். ஆசிரியை அவனை உயிரோடு பார்த்ததே இல்லை. அப்படியானால் பிரமைக்கு அந்த முகம் எங்கிருந்து வந்தது?

மொத்தக் கதையும் ஆசிரியை எழுதியதுதானே, குரோஸ் சொன்னதும் அவள் கற்பனை என்று பிரமைக் கட்சிக்காரர்கள் ஒரே வரியில் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், க்வின்ட்டின் தோற்றத்தை ஊரில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாளோ என்று பக்கம் பக்கமாகத் தேடினார்கள். ஏற்கிறோமோ இல்லையோ, புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்க முடிகிற பதில் அது.

யாரும் அவனோடு பேசவில்லை, அதனால் அவன் இல்லை

‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ (1999) பார்த்தவர்களுக்கு வரும் பழக்கம் இது. அதில் உணவகக் காட்சியில் மனைவி கணவனை நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அவன் கை நீட்டும்போது பில்லை அவளே எடுத்துக்கொள்கிறாள். கோபம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அவன் முன்பே சுடப்பட்டு இறந்துவிட்டவன். அதன் பிறகு, இறந்தவர்களைப் பார்க்க முடிகிற ஒரு சிறுவனைத் தவிர உயிரோடிருக்கும் எவரும் அவனுக்குப் பதில் சொல்வதே இல்லை என்பதால்தான் அது துப்பாகிறது. ஒரே காட்சியில் ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் அவருக்கு வசனம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே கனவு

வேண்டாம்.

மனநோய் என்று சொல்லிவிட்டு நகர்வது

‘ஏ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001) படத்தில் கணித மேதை ஜான் நாஷின் கற்பனையான அறைத்தோழனும், அவனுடைய அக்கா மகளாக ஒரு சிறுமியும் முழு உருவமாக வருகிறார்கள். ஆனால் நிஜ ஜான் நாஷைத் துரத்தியவை குரல்கள். கண்ணெதிரே நடமாடும் ஆட்கள் சினிமாவுக்காகச் சேர்த்தவை. ‘ஹீரோவுக்கு நோய், அதனால் யாரை வேண்டுமானாலும் கற்பனை என்று அடித்துவிடலாம்’ என்று இதை நம்பி எழுதுகிறார்கள். அந்தப் படமே இதைவிடக் கறாரானது. வருஷங்கள் ஓடியும் அந்தச் சிறுமி வளரவே இல்லை என்பதை நாஷ் தானே கவனித்த பிறகுதான் அவளை நிஜமில்லை என்று ஒப்புக்கொள்கிறார். உங்கள் தியரியிலும் அதுபோல் ஒன்று இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள், நோயின் பெயர் அப்புறம் வரட்டும்.