புது ஜெயிலுக்கு எஸ்டிமேட் போடறதுக்கு முந்தி

கோயமுத்தூர் மத்திய சிறை 1872ல வந்தது. அதை ஊருக்கு வெளியே, பிளிச்சிப் பக்கம் கொண்டு போற பேச்சு வந்ததுல இருந்து, "ஏனுங்ணா, ஜெயிலுக்கு எஸ்டிமேட் எப்படிப் போடறது?"ன்னு துறைப் பசங்க கேக்கறாங்க. ரிட்டயர்டு இன்ஜினியர்கிட்ட இப்படிக் கேட்டா சும்மா விடுவனுங்களா?

கட்டடத்துல ஆரம்பிக்காதீங்க, நிலத்துல ஆரம்பிங்க. ஜெயில் எப்படி இருக்கோணும்னு மத்திய அரசு போட்ட 2016 மாதிரிச் சிறைக் கையேட்டை எடுங்க. மதிலுக்குள்ள ஆளுக்கு 83.61 சதுர மீட்டர் வேணும். 750 பேருக்குன்னு வெச்சா பதினஞ்சரை ஏக்கர். அட, இவ்வளவுதானான்னு தோணும். ஆனா மத்திய சிறைன்னா மதிலுக்கு வெளியேயும் சுத்தி 150 மீட்டர் காலியா விடோணும். மதில் 250 மீட்டர் சதுரம்னா வெளி எல்லை 550 மீட்டர் ஆயிரும். பெருக்கிப் பாத்தா கிட்டத்தட்ட 75 ஏக்கர். காவலர் குடியிருப்பு இதுக்கு மேல. பதினஞ்சு ஏக்கர் புறம்போக்கைக் காட்டி "போதும்"னு ஆரு சொன்னாலும் தலையாட்டாதீங்க. நில விவரம் இருக்கற வருவாய்த்துறை அ-பதிவேட்டையும், சர்வே எண்ணோட எல்லையைக் காட்டற புலப்படத்தையும் வெச்சு, ஓடை, வண்டிப்பாதை குறுக்கே போகுதான்னு நீங்களே நடந்து பாருங்க.

அடுத்தது தண்ணி. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னா 750 பேருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. நம்மூர்ல ஆயிரம் அடி போர் ஓட்டியும் புகை வர்ற இடம் உண்டு. அத்திக்கடவு–அவினாசித் தண்ணி வருதேன்னு சொல்லுவாங்க. அது குளம் குட்டைய நிரப்பற திட்டமுங்க, குழாய்க்கு இல்ல. குடிநீர் வடிகால் வாரியத்துகிட்ட எந்தத் திட்டத்துல இருந்து எத்தனை லிட்டர்னு எழுத்துல வாங்கினதுக்கு அப்புறம் இடத்தை முடிவு பண்ணுங்க.

கொள்ளளவைச் சிறைத்துறை சொல்லும். அதை எப்படிப் பிரிக்கறதுன்னும் கேட்டு வாங்கிக்கோங்க. 2022 கணக்குப்படி நாட்டுல சிறையில இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க. இவங்களைத் தண்டனைக் கைதிங்களோட சேத்து வெக்கக் கூடாது. பொம்பளைங்க தனி, இளவட்டம் தனி. ஒவ்வொண்ணுக்கும் தனிச் சுவர், தனிக் கக்கூஸ். விசாரணைக் கைதின்னா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரோணும். ஜெயில் தள்ளிப் போகப் போக வண்டியும் எஸ்கார்ட் போலீசும் காலத்துக்கும் செலவு. அதனால ஜெயில்ல இருந்தே வீடியோவுல கோர்ட்டுல ஆஜராகற காணொலி அறையைத் தாராளமா வரைஞ்சு விடுங்க.

பணத்துக்கு வருவோம். சிறை மாநிலப் பட்டியல்ல இருக்கு; கட்டற காசு மாநில பட்ஜெட்ல இருந்துதான் வரோணும். மத்திய அரசு 2021–26க்கு ஒதுக்கின 950 கோடி நவீனமயத் திட்டம் நாடு முழுக்கவுமுங்க, அதுவும் பாதுகாப்புக் கருவிங்களுக்கு. அதை நம்பி மதில் எழுப்ப முடியாது. பழைய இடத்தை வித்துக் கட்டிக்கலாம்னு டீக்கடையில பேசறதும் ஆகாது. வித்தாலும் காசு அரசோட தொகுப்பு நிதிக்குப் போயிரும். அதுவுமில்லாம, காந்திபுரத்துல இருக்கற நம்ம பழைய சிறை நிலத்துல ஒரு பகுதி செம்மொழிப் பூங்காவே ஆயிருச்சு.

வேலைக்கு அரசு சம்மதிக்கற நிர்வாக அனுமதிக்குப் போற தோராய மதிப்பீட்டுல ஆளுங்க விடறது வெளி வேலைங்களைத்தான்: அணுகு சாலை, மின்வாரிய டெபாசிட், கழிவுநீர் சுத்திகரிப்பு, 18 சதவீத ஜி.எஸ்.டி. விட்டுட்டா திருத்திய அனுமதிக்குக் கோப்பு மறுபடியும் நிதித்துறைக்கு ஏறும். அது இறங்கறதுக்குள்ள எஸ்டிமேட்டுக்கு வெச்ச அரசு விலைப்பட்டியல் மாறியிருக்கும். குடியிருப்பையும் முதல் கட்டத்துலயே சேருங்க. ரெண்டாம் கட்டம்னு தள்ளினா வார்டர் டவுன்ல இருந்து பஸ் ஏறி வருவாரு.

பழைய ஜெயிலை இடிக்கறதுக்கும் தனி மதிப்பீடு உண்டு. சென்னையில 2006ல புழலுக்கு மாத்துனாங்க, பழசை 2009ல இடிச்சாங்க. நம்ம ஜெயில்ல வ.உ.சி. செக்கிழுத்திருக்காருங்க. அவர் சம்பந்தப்பட்ட இடத்தை முதல் வரைபடத்துலயே சிவப்பு மையில வட்டம் போட்டு, இடிப்புப் பட்டியல்ல இருந்து எடுத்துருங்க.